பத்துச் சொற்களும் பாட்டாளி வீடும்

ஆரம்பப் பள்ளிக் குழந்தையிடம் வாரத்துக்குப் பத்துச் சொற்களைக் குறித்துக் கொடுத்து, “வீட்டில் படித்து வா” என்று அனுப்புகிறார்கள். வாரக் கடைசியில் சொல்வதெழுதுதல். தவறிய சொல்லைப் பத்துத் தடவை எழுத வேண்டும் என்று தண்டனை. பார்வைக்கு இது சின்ன விஷயம். ஆனால், “வீட்டில்” என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நம் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

எந்த வீட்டில்? மதுரை கே.கே. நகரையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் தாயும் தகப்பனும் பட்டதாரிகள். மேஜை உண்டு, விளக்கு உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் உண்டு. போதாவிட்டால் டியூஷன் உண்டு. அதே வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டுப் போகும் பெண்ணுக்கும் இரண்டாம் வகுப்பில் ஒரு குழந்தை இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் மாட்டுத்தாவணி. அங்கே மார்க்கெட்டில் மூட்டை சுமக்கிறவன் ஊர் உறங்கும்போது வேலைக்குப் போகிறான். குழந்தை பள்ளிக்குப் புறப்படும்போது கண்ணயர்கிறான். பஸ் தொழிலாளிக்கு எந்த நாள் எந்த ஷிப்ட் என்பது டிப்போவுக்குத்தான் தெரியும். இவர்களுடைய குழந்தைகளுக்கும் அதே பத்துச் சொற்கள்தான், அதே மார்க்குதான். மார்க்கு குறைந்தால், “பெற்றோருக்கு அக்கறை இல்லை” என்று ஒரு பட்டம். இவர்களுக்கு இல்லாதது அக்கறை அல்ல, ஓய்வு!

பள்ளியின் பொறுப்பை வீட்டின் தலையில் கட்டும் வேலை தமிழகத்துக்குப் புதிதல்ல. 1953-இல் ராஜாஜி சர்க்கார் கிராமத்து ஆரம்பப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் வீட்டில் குலத் தொழிலைப் பழகச் சொன்னது. ஜனங்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சரியாகவே அடையாளம் கண்டார்கள். திராவிட இயக்கத்தாரும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவியை விட்டு இறங்கினார். காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். இன்று யாரும் குலத் தொழிலைப் பழகு என்று சொல்லவில்லை. ஆனால் எழுத்தையே வீட்டில் கற்று வா என்றால், எழுத்துள்ள வீட்டுக்கு எழுத்தும், இல்லாத வீட்டுக்கு மூட்டையும் என்றுதானே முடியும்?

அப்படியானால் வீட்டில் ஒன்றுமே செய்ய வேண்டாமா? அப்படி நாம் சொல்லவில்லை. படிக்காத தாயும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலாவது, பத்துச் சொல்லையும் ஒரே இரவில் திணிக்கக் கூடாது. நாளைக்கு இரண்டு மூன்று போதும். நேற்றுப் படித்ததைக் கேட்ட பிறகே இன்றைக்குப் புதியது.

இரண்டாவது, பார்த்துப் பார்த்துப் பத்துத் தடவை எழுதினால் கை உழைக்கிறது, மனம் தூங்குகிறது. குழந்தை சொல்லைப் பார்க்கட்டும், வாய்விட்டுச் சொல்லட்டும், நோட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதட்டும், பிறகு திறந்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தானே திருத்தட்டும். திருத்துகிறவர் குழந்தையே ஆனதால், தாய் நோட்டை மூடிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாலே போதும்.

மூன்றாவது, நாக்கைக் குற்றம் சொல்லக் கூடாது. நம் பக்கத்தில் பழத்தைப் ‘பளம்’ என்பவர் அநேகம்; ர-வும் ற-வும் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. காதில் கேட்டபடி எழுதுகிற குழந்தை முட்டாள் அல்ல, நாணயஸ்தன். அதற்கு ஓசையோடு பொருளையும் சேர்த்துக் கொடுங்கள். அடுப்புக்குக் கரி, குழம்புக்குக் கறி. மல்லிகைக்கு மணம், மனிதனுக்கு மனம். சுவரில் பல்லி, தெருவில் பள்ளி. விதியும் சுலபமானதே: ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன், த-வுக்கு முன்னால் ந். வண்டி, கன்று, பந்து என்று மூன்று சொல் போதும், குழந்தை பிடித்துக்கொள்ளும்.

நான்காவது, தெருவே ஒரு புத்தகம். பஸ் பலகையில் மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், அண்ணா நகர், வண்டியூர் என்று காசில்லாத பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘மாட்டுத்தாவணி’யைப் பிழையில்லாமல் எழுதும் குழந்தை இரண்டு ஒற்றுக்களையும் ஒரு ‘ண’வையும் வென்றுவிட்டது என்று அர்த்தம். அடி மட்டும் வேண்டாம். அடி வாங்கிய சொல்லைக் குழந்தை வெறுக்கும்.

ஆனால் இங்கிலீஷ் சொற்கள்? அங்கே ஓசை ஒன்று, எழுத்து வேறு. அந்த மொழிக்குப் புதிய எழுத்துமுறை அமைக்கவென்றே பெர்னார்ட் ஷா தம் உயிலில் பணம் ஒதுக்கிவிட்டு 1950-இல் மறைந்தார். ஷாவையே சலிக்க வைத்த சுமையை, வீட்டு வேலைக்குப் போய்க் களைத்துத் திரும்பும் தாய் தன்னந்தனியாகச் சுமக்க வேண்டுமா? டியூஷன் கடைக்காரனுக்குத்தான் இதில் லாபம்.

ஆகவேதான் சர்க்காரை நாம் கேட்கிறோம். பசியோடு வந்த குழந்தையைப் பார்த்து, “வீட்டில் சாப்பிட்டு வா” என்று பள்ளி இப்போது சொல்வதில்லை. 1956-இல் மதிய உணவு வந்தது. 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவுத் திட்டம் இதே மதுரையில் தொடங்கி வைக்கப்பட்டது. நல்லது, வரவேற்கிறோம். வயிற்றுக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை எழுத்துக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 60 குழந்தைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நிர்ணயித்தது. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்! ஒருவர் மூன்று வகுப்பைக் கட்டி மேய்க்கும்போது, ஒவ்வொரு குழந்தையின் நோட்டையும் எப்போது பார்ப்பார்? கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வகுப்பு நடத்தினார்கள். அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். பயனுள்ள வேலை, ஆனால் அது கூலியா, பிச்சையா?

மனமிருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு உலகத்தில் சான்று இருக்கிறது. 1961-இல் கியூபாவில் சுமார் ஒரு லட்சம் மாணவர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். பகலில் விவசாயியோடு உழைத்து, இரவில் லாந்தர் வெளிச்சத்தில் கற்பித்தார்கள். அந்த இயக்கம் முழுவதிலுமாக ஒரே வருஷத்தில் சுமார் ஏழு லட்சம் பேர் எழுத்தறிவு பெற்றார்கள். நம் புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் உழைக்கும் பெண்கள் எழுத்தையும் கற்றார்கள், சைக்கிளையும் கற்றார்கள். இரண்டு இடத்திலும், நீயே வீட்டில் படித்துக்கொள் என்று யாரும் கைகழுவவில்லை.

நம் கோரிக்கை இதுதான். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். கடைசி மணி அடித்த பிறகும் பள்ளி ஒரு மணி நேரம் திறந்திருக்க வேண்டும். பத்துச் சொற்களையும் குழந்தை அங்கேயே படித்து முடிக்க வேண்டும். அதை நடத்துகிறவருக்கு நியாயமான சம்பளம் கொடுக்க வேண்டும். இது கிடைக்கிற வரையில் தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும் கைகட்டி நிற்கலாகாது. சங்க அலுவலகத்தின் கதவை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை, படித்த தோழர் ஒருவர் போதும்.

தொழிலாளியின் பிள்ளை பிழையின்றி எழுதட்டும்! நாளை அந்தக் கை மனு எழுதும். சங்கத்தின் தீர்மானமும் எழுதும்!