மார்பில் எழுதியது யார்?

நதானியேல் ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' (1850) நாவலைத் தமிழாக்க உட்காருபவருக்கு முதல் சிக்கல் ஒரே எழுத்துதான். 17ஆம் நூற்றாண்டு பாஸ்டனில், கணவன் ஊரில் இல்லாத காலத்தில் குழந்தை பெற்ற ஹெஸ்டர் பிரின், வாழ்நாள் முழுக்க மார்பில் சிவப்பு 'ஏ' அணிய வேண்டும் என்பது பியூரிட்டன்களின் தண்டனை. 'அடல்டரி' என்ற சொல் நாவலில் ஓரிடத்திலும் இல்லை. ஹெஸ்டரின் தொண்டைப் பார்த்த ஊரார் பின்னால் அதே எழுத்துக்கு 'ஏபிள்' என்று பொருள் சொல்கிறார்கள். இந்த மாற்றத்தைத் தமிழில் எந்த எழுத்தில் கொண்டுவருவது?

குழந்தையின் தகப்பன் மதகுரு டிம்ஸ்டேல். ஊர் மரியாதைக்காக மறைத்து, உள்ளுக்குள் உருகுகிறார். அவரைப் பழிவாங்குவதற்கென்றே உயிர் வாழ்கிறான் கணவன் சில்லிங்வொர்த். மதகுரு மேடையேறி, மார்பைத் திறந்து காட்டி உயிரை விட்டதும், பழிக்கு இலக்கற்ற கணவனும் ஒரு வருடத்துக்குள் வற்றிச் சாகிறான்.

முத்திரை குத்தும் வழக்கம் பாஸ்டனோடு முடியவில்லை. நம் பாட்டன்மார் 'மைசூர் மைன்ஸ்' என்றழைத்த கோலார் தங்கவயலில், ஜான் டெய்லர் கம்பெனி நிர்வகித்த சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ் தலித்துகள். தங்கம் திருடுவார்கள் என்ற சந்தேகம் அவர்களை நிழலாகத் தொடர்ந்தது. 1930இல் கைரேகை பதியச் சொன்னார்கள். போலீஸ் குற்றவாளியிடம் எடுப்பதல்லவா அது? சுமார் மூன்று வாரம் சுரங்கங்கள் ஸ்தம்பித்தன. அந்த வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைத்தது கூலி அல்ல, மானம். ஹெஸ்டர் முத்திரையை ஏற்று அதன் பொருளை மாற்றினாள்; இவர்கள் முத்திரையையே மறுத்தார்கள்.

ஆனால் இன்னொரு முத்திரை ஓசையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. 1940-46இல் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது, 43.7 சதவீதம் பேரின் நுரையீரலில் சிலிகோசிஸ். பாறைத் தூசி மார்புக்குள் எழுதிய எழுத்து அது. திருடன் என்று சந்தேகிக்கப்பட்டவனிடமிருந்தே மூச்சு களவு போயிருந்தது.

குற்றம் செய்தவர் ஊரறியச் சொல்லாமல் மீட்சி இல்லை என்கிறது நாவல். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. சயனைடு மண்மேடுகள் நிற்கின்றன. டிம்ஸ்டேல் ஏறிய அந்த மேடை மட்டும் தங்கவயலில் இன்னும் காலியாகவே இருக்கிறது.