அப்போஸ்தலர் பட்டா யார் பேரில்?

எந்த மதத்துக் குருமாரையானாலும் பார்த்து, "ஐயா! எங்கள்மேல் அதிகாரம் செலுத்த உமக்கு உத்தரவு கொடுத்தது யார்?" என்று ஒருவன் கேட்டுவிட்டால், அவர்கள் தங்களுடைய அறிவையோ ஒழுக்கத்தையோ காட்டிப் பதில் சொல்லுவது வழக்கமில்லை. பாட்டன் முப்பாட்டன் பேரைச் சொல்லி ஒரு வம்சாவளியை எடுத்து நீட்டுவதுதான் வழக்கம். பிரம்மாவின் முகத்திலிருந்து பிறந்தோம் என்பவர்களை நாம் அறிவோம். கிறிஸ்தவ மதத்தில், முக்கியமாய்க் கத்தோலிக்க சபையில், இந்த வம்சாவளிக்கு அப்போஸ்தலர் பரம்பரை என்று பெயர். இயேசு 12 பேரை நியமித்தாராம். அந்த 12 பேர் தங்களுக்குப்பின் மேற்றிராணிமார்களை நியமித்தார்களாம். அந்தக் கை தலைமேல் வைக்கப்பட்டு வைக்கப்பட்டு, அறுபடாத சங்கிலியாக இன்றைய மேற்றிராணியார்வரையில் வந்திருக்கிறதாம்.

இந்தப் பட்டா செல்லுமா என்று பார்ப்பதற்கு நாஸ்திக புஸ்தகம் எதையும் தேடிப் போகவேண்டியதில்லை. அவர்களுடைய வேதபுஸ்தகமே போதுமானது. அதில் சொல்லப்படும் அற்புதங்களை நாம் ஒப்புக்கொள்ளுவதில்லை என்பது வேறு விஷயம். இங்கே அவர்கள் கதையை வைத்துக்கொண்டே அவர்களிடம் கேட்கிறோம்.

முதலாவது, அப்போஸ்தலன் என்ற கிரேக்க வார்த்தைக்கு "அனுப்பப்பட்டவன்" என்பதுதான் பொருள். அதாவது சேதி கொண்டுபோகும் ஆள். அதில் சிம்மாசனமும் இல்லை, செங்கோலும் இல்லை. அந்த 12 பேரின் ஜாபிதாவாவது ஒரே மாதிரி இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மத்தேயுவும் மாற்கும் ததேயு என்று எழுதிய இடத்தில் லூக்கா யாக்கோபின் யூதா என்று எழுதுகிறார். இரண்டும் ஒரே ஆளின் பெயர்தான் என்று பாதிரிமார்கள் சமாதானம் சொல்லுவார்கள். போகட்டும்.

யூதாஸ் போனபின் அவன் ஸ்தானத்துக்கு ஆள் எடுத்த விதத்தைப் பாருங்கள். இரண்டு பேரை நிறுத்திச் சீட்டுப் போட்டார்கள். மத்தியா பேருக்குச் சீட்டு விழுந்தது. பின்னர் ஏரோது அரசன் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அவர் ஸ்தானத்துக்கு யாரை நியமித்தார்கள்? யாரையும் நியமித்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரிகூட இல்லை. வாரிசு வைத்தே தீரவேண்டும் என்பது தெய்வ கட்டளையானால், அதை முதல் முதல் மறந்தவர்கள் அந்த அப்போஸ்தலர்களேயல்லவா?

நிற்க, கிறிஸ்தவ மதத்தை ஊர் ஊராய்ப் பரப்பியவர்களில் முதன்மையானவர் பவுல். அவர் அந்த 12 பேரில் சேர்ந்தவரல்ல. இயேசு உயிரோடிருந்த காலத்தில் அவரோடு நடந்தவருமல்ல. "எனக்கு இந்த வேலையை எந்த மனுஷனும் கொடுக்கவில்லை" என்ற கருத்தைக் கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் முதல் வரியிலேயே அடித்துச் சொல்லுகிறார். அதாவது சங்கிலியில் ஒரு கண்ணியாக இல்லாத ஆளே அப்போஸ்தலரென்று பேர்வாங்கினார்.

அதே நிருபத்தில் அந்தியோகியா பட்டணத்துப் பந்தி விஷயம் வருகிறது. நமது வாசகர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பேதுரு அங்கே யூதரல்லாதவர்களோடு கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்தவுடன், அவர்களுக்குப் பயந்து இலையை விட்டு ஒதுங்கிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேரே கண்டித்ததாகத் தாமே எழுதிவைத்திருக்கிறார். பேதுரு தவறே செய்யாத பாறையென்றால், சமபந்தி விஷயத்தில் அந்தப் பாறை அசைந்தது எப்படி? அதை நிமிர்த்த, சங்கிலிக்கு வெளியிலிருந்து ஒரு ஆள் வரவேண்டியிருந்தது எதனால்? இந்தப் பந்திக் கதையைத் தினம் வாசித்தவர்களே வடக்கன்குளத்துக் கோயிலில் ஜாதிக்கொரு பக்கமாகச் சுவர் வைத்து, 1910-ம் வருஷம் இடிக்கப்படும்வரையில் அதற்குள் பூசை செய்துவந்தார்கள் என்றால், அப்போஸ்தலர் பரம்பரை எந்த அப்போஸ்தலரிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டது?

அப்படியானால் இந்தச் சங்கிலி எப்போது, எதற்காகச் செய்யப்பட்டது? இரண்டாம் நூற்றாண்டில் ஆளுக்கொரு கிறிஸ்தவம் போதித்தார்கள். மார்சியன் என்பவரை 144-ல் ரோமாபுரிச் சபையார் நீக்கிவைத்தார்கள். வேறு பலரும் கிளம்பினார்கள். எது உண்மை என்று தீர்க்க வழியில்லாதபோது, "எங்கள் போதனை அப்போஸ்தலர் கையிலிருந்து வந்தது" என்று வரிசை காட்டும் யுக்தி ஏற்பட்டது. சுமார் 180-ல் லியோன் பட்டணத்து ஐரேனியு என்பவர், பேதுருவும் பவுலும் ரோமாபுரிச் சபையை ஸ்தாபித்து லீனுவிடம் ஒப்படைத்தார்கள் என்று ஜாபிதா எழுதினார். ஆனால் பவுல் ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தில், தாம் அதுவரை அங்கே போனதேயில்லை என்றும், வர வெகுநாளாய் ஆசை என்றும் எழுதுகிறார். தாம் போகுமுன்பே இருந்த சபையை அவர் எப்படி ஸ்தாபித்திருக்க முடியும்? அந்த நிருபத்தின் கடைசியில் இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பேர் சொல்லி வாழ்த்துச் சொல்லுகிறார். பேதுருவின் பேர் அதில் இல்லை.

இன்னொரு வேடிக்கை. எதிர்க்கட்சிக்காரர்களிடத்திலும் இதேமாதிரி பட்டா இருந்தது. வாலெண்டீனு கூட்டத்தார் தங்கள் குரு பவுலின் சீஷனிடம் படித்தவர் என்றார்கள். பசிலிதே கூட்டத்தார் தங்கள் குரு பேதுருவின் துவிபாஷியிடம் படித்தவர் என்றார்கள். கார்த்தேஜ் பட்டணத்துத் தெர்த்துல்லியன் சுமார் 200-ல், நிலவழக்குப் பேசுவதுபோலவே, வேதம் எங்கள் சொத்து, மற்றவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் என்று வாதாடினார். அப்படி வாதாடினவரே பின்னால் புதிய தீர்க்கதரிசிகளின் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்! ஆகவே இந்தப் பட்டா வழக்கு வந்தபின் எழுதப்பட்ட பட்டாவே ஒழிய, நிலம் வாங்கியபோது எழுதப்பட்டதல்ல.

இனி, இந்தப் பட்டாவினால் யாருக்கு நஷ்டம் என்று பார்ப்போம். நஷ்டம் பெண்களுக்கு. 1994-ல் போப் இரண்டாம் ஜான் பால், பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கச் சபைக்கு அதிகாரமே கிடையாது என்று உத்தரவு போட்டார். அதற்கு அவர் காட்டிய காரணங்களில் முக்கியமானது, இயேசு ஆண்களையே அப்போஸ்தலராக நியமித்தார் என்பது. ஆனால் அந்தப் பன்னிருவரும் யூதர்கள். அப்படியிருக்க, யூதரல்லாதாருக்குக் குருப்பட்டம் கூடாது என்று ஏன் சொல்லவில்லை? பேதுருவுக்கு மாமியார் இருந்ததாக வேதம் சொல்லுகிறது. அப்படியிருக்க, பெண்ஜாதி உள்ளவனே குருவாகலாம் என்று ஏன் விதிக்கவில்லை? வேண்டாத அம்சங்களையெல்லாம் தள்ளிவிட்டு மீசையை மாத்திரம் இலட்சணமாக வைத்துக்கொண்டது எந்த நியாயம்?

மகதலேனா மரியாள் கலிலேயாவிலிருந்து கூட நடந்தவள். சீஷர்கள் ஓடிப்போனபோது சிலுவையண்டை நின்றவர்களில் ஒருத்தி. கல்லறைச் சேதியைச் சீஷரிடம் கொண்டுபோக அனுப்பப்பட்டவளும் அவளேயென்று யோவான் சுவிசேஷம் சொல்லுகிறது. அனுப்பப்பட்டவள் என்றால் அதுதானே அப்போஸ்தலன் என்ற வார்த்தையின் அர்த்தம்? சீஷர்களோ பெண்கள் சொன்னதை வெறும் பிதற்றல் என்று எண்ணினார்களாம். 591-ல் போப் கிரகோரி, சுவிசேஷத்தில் பேர் சொல்லப்படாத ஒரு பாவியான ஸ்திரீயை இவள்தான் என்று பிரசங்கம் செய்து, அவள் தலையில் ஒரு பழியையும் ஏற்றிவிட்டார். 1969-ல் அதைக் கைவிட்டார்கள். 2016-ல் "அப்போஸ்தலர்களுக்கு அப்போஸ்தலி" என்று திருநாளும் ஏற்படுத்தினார்கள். பட்டம் கொடுத்தார்கள், பீடம் மாத்திரம் கொடுக்கவில்லை!

யூனியாளின் கதி இதைவிட மோசம். பவுல் அவளையும் அந்திரோனீக்குவையும் அப்போஸ்தலருக்குள்ளே பேர்பெற்றவர்கள் என்று எழுதினார். நாலாம் நூற்றாண்டுக் கிறிசோஸ்தோம், ஒரு பெண் அப்போஸ்தலர் என்று எண்ணப்பட்டாளே என்று அவளைப் புகழ்ந்தார். பின்வந்தவர்களோ, பெண்ணாவது அப்போஸ்தலராவதாவது என்று அவளை யூனியாஸ் என்ற ஆணாக்கிவிட்டார்கள். யூனியா என்ற பெண் பேர் ரோமக் கல்வெட்டுகளில் ஏராளமாய் இருக்கிறது. யூனியாஸ் என்ற ஆண் பேர் ஒன்றுகூட அகப்படவில்லை. பண்டிதர்களின் கிரேக்கப் பதிப்பில் 1927-ல் ஆணாக அச்சான இவள், 1998-ல்தான் மறுபடியும் பெண்ணானாள். இப்போது சிலர், "அப்போஸ்தலருக்குத் தெரிந்தவள்" என்று மாத்திரமே அர்த்தம் என்கிறார்கள். ஆணாக இருந்தவரையில் அப்போஸ்தலனாக இருந்த ஆள், பெண் என்று தெரிந்தவுடன் வெறும் அறிமுகமான ஆளாகிவிட்டது எப்படி?

தென்னிந்தியத் திருச்சபையார் 2013-ல் நந்தியாலில் ஒரு பெண்ணையே பிஷப்பாக்கினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

அந்த முதல் மனிதர்களிடத்தில் மதிக்கத்தக்க சங்கதிகள் உண்டு. சிலர் மீன் பிடித்தார்கள். பவுல் கூடாரம் தைத்துக் கைப்பாடுபட்டுச் சாப்பிட்டார். சொத்தைப் பொதுவில் வைத்து அவரவர் தேவைக்குப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று நடபடிகள் சொல்லுகிறது. வாரிசு என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் இந்த மூன்றில் எதை வாரிசாக எடுத்துக்கொண்டார்கள்? உழைப்பையும் பங்கீட்டையும் விட்டுவிட்டு அதிகாரத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆதலால் கிறிஸ்தவ சகோதர சகோதரிகளை நாம் கேட்டுக்கொள்ளுவதெல்லாம் இதுதான். உங்கள் பாதிரியார் அப்போஸ்தலர் பேரைச் சொல்லி அதிகாரம் செய்யும்போது, சங்கிலியைக் காட்டு என்று கேட்காதீர்கள்; நீ கலந்து உண்ட பந்தியைக் காட்டு, நீ சமமாய் நடத்திய பெண்ணைக் காட்டு என்று கேளுங்கள். பேதுருவைக் கேள்வி கேட்கலாமென்றால் அவர் வாரிசுகளை ஏன் கேட்கக்கூடாது?