உரமூடையும் வெடிமருந்தும்

இரணைமடு நீரையும் மாரி மழையையும் நம்பி நெல் விளைவிக்கும் கண்டாவளை விவசாயிக்கு யூரியா இன்றியமையாதது. ஆனால் 1990களில் நிலவிய பொருளாதாரத் தடையின்போது, வெடிபொருளாக மாற்றப்படலாம் என்ற காரணத்தின் பேரில் அந்த உரம் வன்னிக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. விளைச்சல் குன்றிய வயல்களே அதன் விலையைச் செலுத்தின.

நைதரசன் சேர்வைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. யூரியா சுமார் 133 பாகை செல்சியசில் உருகும். மேலும் சூடேறினால் அமோனியா போன்ற நச்சு வாயுக்களை வெளிவிடும். அது நுரையீரலுக்குத் தீங்கு. ஆயினும் யூரியா தானாக வெடிப்பதில்லை. அமோனியம் நைத்திரேற்று வேறு வகையைச் சேர்ந்தது. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் அதனுள்ளேயே அடங்கியுள்ளது. 200 பாகைக்கு மேல் அது சிதைந்து வாயுவையும் வெப்பத்தையும் பிறப்பிக்கும். வாயு வெளியேற வழியிருந்தால் ஆபத்து குறையும். பெருங்குவியலாக அடைபட்டு, எரிபொருளோ அழுக்கோ கலந்து, தீயும் சூழ்ந்தால் பேரழிவே விளையும்.

2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூட்டில் நிகழ்ந்தது அதுவே. சுமார் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று துறைமுகக் களஞ்சியத்தில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கிடந்தது. சுங்க அதிகாரிகளின் எச்சரிக்கைக் கடிதங்கள் பயன்தரவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மணலியில் 2015 முதல் தேங்கிக் கிடந்த ஏறத்தாழ 700 தொன் சரக்கு, அந்த அனர்த்தத்தின் பின்னரே அவசரமாக அகற்றப்பட்டது.

நமது நாட்டுக்கும் இத்தகைய அலட்சியம் புதிதன்று. 2010 செப்டெம்பர் 17ஆம் திகதி, வீதி நிர்மாணத்துக்காகக் கொண்டுவரப்பட்ட வெடிபொருட்கள் மட்டக்களப்பு கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மக்கள் நடமாடும் இடத்தில் அவற்றை வைத்ததே கேள்விக்குரியது.

ஆகவே, கட்டுப்பாடு உரமூடையின் மீதன்றி, கல்லுடைப்புக்கும் நிர்மாணத்துக்கும் வரும் வெடிபொருட் களஞ்சியங்களின் மீது இறுக வேண்டும். அவை எங்கு, எவ்வளவு உள்ளன என்பதைப் பிரதேச செயலகங்களும் தீயணைப்புப் பிரிவினரும் அறிந்திருக்க வேண்டும். கமநல சேவை நிலையங்கள், உரத்தை டீசலுக்கும் வைக்கோலுக்கும் அருகில் வைக்கலாகாது என்பதையும், களஞ்சியம் தீப்பற்றினால் புகைபடாத திசையில் உடன் விலக வேண்டும் என்பதையும் விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

சந்தேகத்தால் விவசாயியைத் தண்டிப்பதும், அலட்சியத்தால் ஊரைப் பலிகொடுப்பதும் அறியாமையின் இரு முகங்களே. விஞ்ஞானம் தெளிவாக உள்ளது. அதன்படி நடப்பதே நிர்வாகத்தின் கடமை.