குழந்தையின்மை என்றால் டெஸ்ட் மனைவிக்கு மட்டும்தானா? வெரிகோசில் பற்றி ஆண்கள் கவனிக்க வேண்டியவை

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் 'விசேஷம்' இல்லையென்றால், முதலில் ஸ்கேனுக்குப் போவது மனைவிதான். ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் பரிசோதனை, மாத்திரை, ஊசி எல்லாம் முடிந்த பிறகே "அவரையும் ஒருதடவை பார்த்துடலாமா?" என்ற பேச்சு வருகிறது. உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் குழந்தையின்மை பிரச்னை வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. அதில் சரிசெய்யக்கூடிய முக்கியமான காரணம் வெரிகோசில்.

வெரிகோசில் என்றால் என்ன?

பேச்சுவழக்கில் 'நரம்பு சுருட்டல்' என்பார்கள். உண்மையில் சுருள்வது நரம்பு அல்ல, விதைப்பையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் ரத்தக்குழாய். அதன் வால்வுகள் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கி, குழாய் புடைத்துவிடும். இடது பக்கக் குழாய் சிறுநீரகத்தின் ரத்தக்குழாயில் நேர்குத்தாகப் போய்ச் சேர்வதால், பெரும்பாலும் இடது பக்கமே பாதிக்கப்படுகிறது.

விந்தணு உற்பத்திக்கு உடலின் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான வெப்பம் வேண்டும். ரத்தம் தேங்கினால் அந்தக் குளிர்ச்சி போய்விடுகிறது. விந்தணுக்களின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றுமே அடிவாங்கலாம். சிலருக்கு விதையே சற்று சுருங்கும். தாம்பத்திய உறவில் பொதுவாக எந்தக் குறையும் தெரியாது. 'எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல' என்று பல ஆண்கள் நம்புவதற்குக் காரணமே இதுதான்.

வலியும் பலருக்கு இருப்பதில்லை. ராணுவ ஆள்சேர்ப்பு மருத்துவப் பரிசோதனையில் 'அன்ஃபிட்' என்று திருப்பி அனுப்பப்படும்போதுதான் சில இளைஞர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவருகிறது. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தாலே போதும். தேவைப்பட்டால் டாப்ளர் ஸ்கேன்.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டுமா?

வேண்டாம். ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு வெரிகோசில் இருக்கிறது, அவர்களில் பெரும்பாலானோர் அப்பாவாகவும் ஆகிறார்கள். கையில் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிவதற்கு ஆபரேஷன் பரிந்துரைக்கப்படுவதில்லை. தொட்டால் தெரியும் அளவுக்கு இருந்து, விந்தணு பரிசோதனையும் குறைவாக வந்து, குழந்தைக்காக முயற்சிப்பவர்களுக்கே அது பலன் தரும். மைக்ரோஸ்கோப் உதவியுடன் புடைத்த குழாய்களை மட்டும் கட்டிவிடுகிறார்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும் என்பதால், பலன் தெரிய 3 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும்.

இங்கேதான் மனைவியின் வயது முக்கியமாகிறது. அவருக்கு 28 என்றால் காத்திருக்கலாம். 38 என்றால் அந்த ஆறு மாதமே பெரிய இழப்பு, நேராக ஐவிஎஃப் போகலாமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். கணவருக்கான பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில் வீணாவது மனைவியின் காலம்தான்.

'நரம்பு சுருட்டலைக் கரைக்கும்' என்று விளம்பரமாகும் லேகியம், எண்ணெயை நம்பிக் காத்திருப்பதும் அப்படித்தான். புடைத்த குழாயைச் சுருக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது.

வலது பக்கம் மட்டும் திடீரென வீக்கம் வந்தாலோ, படுத்தால்கூட வீக்கம் வடியாமல் இருந்தாலோ தாமதிக்கக் கூடாது. வயிற்றுக்குள் கட்டி ஏதாவது ரத்தக்குழாயை அழுத்துகிறதா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று உடனே ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.