இக்கரையும் அக்கரையும்

“இக்கரைக்கு அக்கரை பச்சை” என்பது பழமொழி. பத்தாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் நிற்கும் எங்களுக்கு அந்த அக்கரை சேலம். 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலையிறங்கினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எங்களுள் பலர் நினைக்கிறோம். மேல்நிலை வகுப்புக்கு இங்கேயே இருப்பதா, வேறு பள்ளிக்கு மாறுவதா? இந்நாட்களில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை.

மாறுவதற்கு நாங்கள் சொல்லும் காரணங்களை ஒளிக்காமல் சொல்கிறோம். “தோழி போகிறாள், நானும் போகிறேன்.” “இங்கே கட்டுப்பாடு அதிகம்.” “இங்கே கணக்கு வரவில்லை, அங்கே வரும்.” இவை ஒன்றை விட்டு ஓடுவதற்கான காரணங்களே அன்றி, ஒன்றைத் தேடிப் போவதற்கான காரணங்கள் ஆகா.

கணித மேதை இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அத்தொகையை இழந்தார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு மாறினார். அங்கும் தேர்வில் தோற்றார். கல்லூரி மாறியது, எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும் என்ற தேர்வு மாறவில்லை அன்றோ? ஆனால் 1914இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்றது வேறு விதம். முதலில் தம் கணிதத்தைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். அதன் அருமையை உணர்ந்த பேராசிரியர் ஹார்டி அழைத்த பிறகே கப்பல் ஏறினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். எதைத் தேடிப் போகிறோம் என்று அறிந்து போனால்தான் மாற்றம் பயன் தரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதற்காக, அச்சத்தால் இங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் சரியன்று. ஒருத்தி செவிலியர் படிப்பை விரும்புகிறாள். அதற்கு உயிரியல் வேண்டும். தனக்கு வேண்டிய பாடப்பிரிவு வேறு பள்ளியில்தான் கிடைக்குமென்றால் அவள் போகத்தான் வேண்டும். அது நன்றி மறத்தல் ஆகாது. நம் மலையின் காப்பிச் செடியைப் பாருங்கள். நாற்றங்காலிலேயே இருந்தால் அது காய்க்காது. மழை பெய்து மண் நனைந்த பின், ஆணிவேர் மடங்காமல் பார்த்துத் தோட்டத்தில் நடுகிறார்கள். பருவமும் பார்க்க வேண்டும், வேரையும் காக்க வேண்டும்.

ஆகவே மாற நினைக்கும் தோழியருக்கு எங்கள் யோசனை இது. காரணத்தை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். விரும்பும் மேற்படிப்புக்கு எந்தப் பாடங்கள் தேவை என்று ஆசிரியையிடம் கேளுங்கள். புதிய பள்ளியைப் பெற்றோருடன் நேரில் பார்த்து, கட்டணம், விடுதி, பஸ் வசதி எல்லாவற்றையும் விசாரியுங்கள். தோட்டத்தில் கூலி வேலை செய்யும் தந்தையிடம் செலவை மறைக்காதீர்கள். மாற்றுச் சான்றிதழை வாங்கும் நாளில் அல்ல, அதற்கு வெகு முன்பே வகுப்பாசிரியையிடம் மனம் திறந்து பேசுங்கள்.

பெற்றோருக்கும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். முடிவு செய்யுமுன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். “நீ வயதுக்கு வந்த பெண், தொலைவு வேண்டாம்” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடாதீர்கள். போகிறவளைக் கோபத்தோடு அல்ல, ஆசீரோடு அனுப்புங்கள்.

ஒரே பெஞ்சில் அமரும் நாங்கள் நால்வரும் காரணத்தை எழுதிப் பார்த்தோம். கணக்குக்குப் பயந்து சேலம் போக இருந்தவள், தன் தாளைத் தானே படித்து வெட்கிச் சிரித்தாள். இங்கேயே இருந்து படிக்கப் போகிறாள். செவிலியராக விரும்புகிறவள் போகிறாள். அடுத்த ஜூனில் அந்தப் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருக்கும். வருத்தந்தான். ஆயினும் அவள் எதற்காகப் போனாள் என்று எங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அது போதும்.