இரண்டாம் ராஜபார்ட்

2025ஆம் ஆண்டின் இறுதியில் கனடிய ஃபுட்பால் லீக் தன்னுடைய தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை பி.சி. லயன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்கான நேதன் ரூர்க்குக்கு அளித்தபோது, அவர் அந்தப் பருவத்தில் எறிந்து சேர்த்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கெஜங்களைக் காட்டிலும், அவர் கனடாவில் பிறந்தவர் என்கிற ஒரு சங்கதியே அந்த நாட்டாரின் மனத்தில் பெரிதாக நின்றது. கனடாவின் பெயரைத் தாங்கிய லீக்கில், அந்த ஸ்தானத்தில் ஆடும் கனடியர் ஒருவர் அந்த விருதைப் பெற்று 56 வருஷங்கள் கழிந்திருந்தன என்றால், இடையில் அங்கே என்னதான் நடந்தது என்று கேட்பது நியாயமே.

இது நாம் காலால் உதைத்து ஆடுகிற பந்தாட்டம் அன்று; அமெரிக்க ஃபுட்பாலுக்குத் தாயாதி முறையாக வேண்டியது. பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். பத்து கெஜம் முன்னேற அமெரிக்கர்களுக்கு நான்கு முயற்சிகள் உண்டென்றால் இவர்களுக்கு மூன்றே. முயற்சி ஒன்று குறைவதால், பந்தை ஏந்தி ஓடுவதைவிட எறிவதே பிரதானமாகி, எறிகிறவராகிய குவார்ட்டர்பேக்கின் கையில் அணியின் பாக்கியமும் துர்ப்பாக்கியமும் அடங்கிவிடுகின்றன. எதிரணியின் தடுப்பு எவ்விதம் அமைந்திருக்கிறது, தன்னுடைய ஆட்களில் எவன் எந்தக் கணத்தில் தனியே நிற்பான், பந்து அங்கே போய்ச் சேரும் முன் யார் குறுக்கே பாய்வான் என்பதையெல்லாம் ஓரிரு விநாடிகளுக்குள் நிதானித்து எறிகிற இந்த வித்தை, புத்தகத்தாலும் வருவதில்லை, படம் பார்த்தும் வருவதில்லை; எறிந்து, அடிபட்டு, பிசகி, மறுபடியும் எறிந்தே வருவது. ஆனால் களத்தில் ஒரு சமயத்தில் ஒரு குவார்ட்டர்பேக்தானே நிற்கிறார்!

ஆகையால் இரண்டாமவரின் நிலைமை விசித்திரமானது. பழைய நாடகக் கம்பெனிகளில், ராஜபார்ட் நடிகருக்குத் தொண்டை கட்டினால் அன்றைக்கு மேடையேற வேண்டும் என்பதற்காக, அத்தனை பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் பண்ணிக்கொண்டு படுதா மறைவில் நின்ற பையனைப் போன்றவர் அவர். பயிற்சி நேரத்திலும் அவருக்குப் பங்கு அற்பமே. ஒரு நாளில் ஆட்டக்காரர்களை நாலரை மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது லீக்கின் ஒப்பந்தம். அந்த நேரத்தில் பெரும்பகுதியை முதல்வரே எடுத்துக்கொள்ள, இரண்டாமவர் வரப்போகும் எதிரணியின் குவார்ட்டர்பேக்காக வேஷம் கட்டி, தம் அணியின் தற்காப்புக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பார். ஆட்ட நாளில் அவருக்கு நிச்சயமாகக் கிடைக்கும் வேலை ஒன்று உண்டு. தற்காப்பு வரிசை பந்திலிருந்து ஒரு கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது கனடிய விதியாதலால், ஒரு கெஜம் மட்டும் வேண்டியிருக்கும்போது பந்தை அணைத்துக்கொண்டு குனிந்து பாய்ந்தால் அநேகமாகக் கிடைத்துவிடும். பாய்கிறவரின் மேல் ஏழெட்டுப் பேர் விழுவார்கள் என்பதனால் முதல்வரின் உடம்பைக் காப்பாற்றும் பொருட்டு இரண்டாமவரை அனுப்புவார்கள்.

ஆயினும் இந்த இரண்டாமவரின் நாற்காலியிலிருந்தே பெரிய ஆட்டக்காரர்கள் எழுந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கறுப்பர் என்பதனால் குவார்ட்டர்பேக்காக ஏற்க ஆளில்லாமல் 1978இல் எட்மண்டனுக்கு வந்த வாரன் மூன், மூத்தவரான டாம் வில்கின்சனோடு இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு வளர்ந்த காலத்தில், அந்த அணி லீக்கின் வெற்றிக் கோப்பையான கிரே கோப்பையைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. கால்கரி அணியோ போ லீவை மிட்செலை இரண்டு பருவம் பின்னே நிறுத்தி வைத்து, 2014இல் முன்னே விட்டு, அந்த ஆண்டே கோப்பையைக் கொண்டுபோயிற்று. 2024இல் டொராண்டோவின் முதல்வரான சாட் கெல்லி இறுதியாட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில் கால் முறிந்து விழ, நிக் ஆர்பக்கிள் என்கிற இரண்டாமவர் களமிறங்கி, வின்னிபெக்கை 41க்கு 24 என்று தோற்கடித்து, இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயரையும் பெற்றார். மூவரும் அமெரிக்கர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்காரக்கூடக் கனடியப் பிள்ளைக்கு இடமில்லாதிருந்தது என்பதே என்னுடைய வழக்கு.

முன்பு அப்படி இல்லை. ஹாமில்டனில் பிறந்து, மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் கணிதம் படித்த ரஸ் ஜாக்ஸன், 1958இல் ஒட்டாவா ரஃப் ரைடர்ஸ் அணியில் சேர்ந்தபோது தற்காப்பு ஆட்டக்காரராகவே சேர்க்கப்பட்டார். குவார்ட்டர்பேக்குகள் காயமுற்றதனால் கிட்டிய சந்தர்ப்பத்தில் அந்த இடத்துக்கு வந்தவர், அதைப் பன்னிரண்டு பருவம் விடவில்லை. மூன்று கிரே கோப்பைகள். தலைசிறந்த ஆட்டக்காரர் விருது மூன்று முறை. இத்தனைக்கும் அவர் பகலில் பள்ளிக்கூட வாத்தியார். 1969இல் கோப்பையை வென்ற கையோடு, புகழின் உச்சியில், ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். (பிற்பாடு டொராண்டோ அணிக்குப் பயிற்சியாளராகிச் சோபிக்கவில்லை, தான் ஆடுவது வேறு, பிறரை ஆட்டுவிப்பது வேறு.)

ஜாக்ஸனுக்குப் பின் வாரிசு இல்லாமற் போனதற்குத் திறமைப் பஞ்சம் காரணம் என்று சொல்கிறவர்களின் கட்சியில் நான் இல்லை. கணக்குத்தான் காரணம். களமிறங்கும் இருபத்து நான்கு பேரில் ஏழு பேராவது கனடியராக இருக்க வேண்டும் என்று பல்லாண்டுகள் விதி இருந்தது. சுதேசி ஆட்டக்காரரைக் காப்பதற்கென்று ஏற்பட்ட நல்ல விதி. ஆனால் குவார்ட்டர்பேக் அந்தக் கணக்கில் சேரமாட்டார் என்று வைத்துவிட்டார்கள். விளைவு என்னவென்றால், கனடியர் ஒருவரை அங்கே நிறுத்தியதனால் பயிற்சியாளருக்கு ஓர் அநுகூலமும் இல்லை; அவரையே பந்து பிடிக்கிற இடத்துக்கு மாற்றினாலோ ஏழில் ஒன்று தீர்ந்தது. அதோடு, எல்லைக்கு அப்பால் பள்ளிப் பருவம் முதல் வருஷமெல்லாம் எறிந்து பழகிய அமெரிக்க இளைஞர்கள் வேண்டிய அளவு கிடைக்கிறார்கள். கனடிய சர்வகலாசாலை மாணவருக்கோ பருவத்துக்கு எட்டு ஆட்டங்களைச் சுற்றியே எல்லாம் முடிந்து, பனி விழத் தொடங்கிவிடுகிறது. தன் உத்தியோகம் அடுத்த வார வெற்றியைப் பொறுத்தது என்று அறிந்த எந்தப் பயிற்சியாளர், ஐந்து வருஷம் கழித்துப் பலன் தரப்போகிற கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார்?

2010இல் நாட்டின் மிகச் சிறந்த சர்வகலாசாலை ஆட்டக்காரருக்குரிய ஹெக் கிரைட்டன் பரிசை வென்ற பிராட் சினோபொலி, கால்கரிக்குக் குவார்ட்டர்பேக்காகப் போய், பந்து பிடிப்பவராக மாற்றப்பட்டு, அதில் பெரும் புகழ் பெற்று, 2018இல் தலைசிறந்த கனடியர் விருதையும் வாங்கினார். அவருக்கு அது நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அதே பரிசை இரண்டு முறை வென்ற ஆண்ட்ரூ பக்லி, அதே கால்கரியில் ஒரு கெஜப் பாய்ச்சலுக்கு உரியவராக இரண்டு பருவம் இருந்துவிட்டு, வைத்தியப் படிப்புக்குப் போய்விட்டார். புத்திசாலியான பிள்ளை வேறென்ன செய்வான்? ஜூலியோ காராவாட்டா 1990களில் ஆடிய பின், சஸ்காச்சுவானில் பிராண்டன் பிரிட்ஜ் 2017இல் தலையெடுக்கிற வரையில், சுமார் இருபது வருஷங்கள் ஏறக்குறைய சூனியம்.

ரூர்க்கின் கதை இந்தச் சூனியத்தைக் கலைத்தது. எப்படிக் கலைத்தது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. 2020இல் லயன்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2021இல் பெரும்பாலும் மைக் ரைலி என்கிற அநுபவசாலியின் பின்னே இருந்தார். ரைலி ஓய்வு பெற்றதும், சம்பிரதாயப்படி ஓர் அமெரிக்க மூத்தவரை விலைக்கு வாங்காமல், அணியார் பையனிடமே சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அந்த முடிவை எடுத்தவர்களின் துணிச்சலையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2022இன் முதல் ஆட்டத்தில் எறிந்த 29இல் 26 கைசேர, எட்மண்டன் 59க்கு 15 என்று நசுங்கியது. அடுத்ததில் டொராண்டோவுக்கு எதிராக 436 கெஜம், அதுவரை கனடியர் எவரும் ஓர் ஆட்டத்தில் எறிந்திராத தூரம். காயம் குறுக்கிட்டது, அமெரிக்க லீக்கும் அழைத்தது, அங்கே அணி அணியாக அலைந்துவிட்டு 2024இல் திரும்பி வந்தார். சுதேசிப் பெருமை பேசுகிறவர்கள் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஒன்டாரியோவில் வளர்ந்த இவர், பள்ளியின் கடைசி வருஷத்துக்கே அலபாமா போய், பிறகு கான்ஸாஸில் ஒரு சிறு கல்லூரியிலும் ஒஹாயோ சர்வகலாசாலையிலும் எறிந்து பழகியவர்.

முழுக்க முழுக்கக் கனடாவிலேயே பதம் பெற்றவர் வாட்டர்லூ சர்வகலாசாலையின் ட்ரே ஃபோர்ட். எட்மண்டன் அவரை 2022இன் புது ஆட்டக்காரர் தேர்வில் முதல் சுற்றிலேயே எடுத்தது. மறு வருஷம் அந்த அணி தோல்விமேல் தோல்வியாகச் சரிந்த வேளையிலும் ஆகஸ்டு வரையில் அவரை உட்காரவைத்தே இருந்தார்கள். இறக்கிய பின், சொந்த மைதானத்தில் தொடர்ச்சியாக 22 ஆட்டங்கள் தோற்றிருந்த அணி, ஒட்டாவாவை 30க்கு 20 என்று வென்றது. அடுத்த பருவத்தில் ஓர் அமெரிக்க மூத்தவருக்குப் பின்னே மறுபடி நாற்காலி. 2025இல் அவரே முதல்வர் என்று அறிவித்து, சில ஆட்டங்கள் சரியாகப் போகவில்லை என்றதும் கோடி ஃபஹார்டோவை இறக்கிவிட்டார்கள். ஃபஹார்டோ தேர்ந்தவர், அந்த மாற்றத்தை நியாயப்படுத்தவும் முடியும். ஆனால் ஃபோர்ட் இன்னின்ன குறையுள்ளவர் என்று பயிற்சியாளர்கள் அடுக்குகிற ஒவ்வொன்றும், நின்று ஆடினாலன்றி நீங்காத குறை.

இப்போது கனடிய குவார்ட்டர்பேக்குக்கும் கணக்கில் இடம் தருகிற மாதிரி விதிகள் ஓரளவு தளர்ந்திருக்கின்றன. சர்வகலாசாலை மாணவர்களை அணிகளின் பயிற்சி முகாமுக்கு அழைத்து, ஆலோசனைக் கூட்டங்களில் உட்காரவைத்து அனுப்புகிற ஏற்பாடு 2010 முதலே இருக்கிறது; கேட்கவும் குறிக்கவும் அது உதவும், எறிவதற்கு உதவாது. பருவத்துக்கு முந்திய வெள்ளோட்டங்கள் இரண்டு இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றையாவது, தோற்றாலும் போகிறதென்று, பாதிக்கு மேல் அணியிலுள்ள கனடியப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். அதற்குச் செலவும் இல்லை, விதியும் தடுக்கவில்லை.