கலங்கலுக்கு ஒரு நீதி

சென்ற மாதம் ஓசூரில் ஒரு நண்பரின் இல்லத்தில் நிகோரி அருந்த வாய்த்தது. சிப்காட்டில் பொறியாளராக இருக்கும் அவர் ஜப்பான் சென்று திரும்பும்போது கொணர்ந்த சாக்கே புட்டி. அடியில் வெண்மண்டி படிந்திருந்தது. இருமுறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினார். நீராகாரம்போல் வெண்மை பரவியது. முதலில் இனிப்பு, பின் கனிந்த பழத்தின் மணம், இறுதியில் நாவில் தங்கும் அரிசித் துகள். நல்ல பானம், மறுக்கவில்லை.

என்னை உறுத்தியது அதன்பின் நிகழ்ந்த உரையாடல். "இந்தக் கலங்கல்தான் அழகு. முழுக்க வடிகட்டினால் ஆன்மா போய்விடும்" என்றார் ஒருவர். தேர்ந்த வாசகர். கள் குடித்ததுண்டா என்று அவரிடம் கேட்டேன். "அந்த நாற்றத்தையா?" என்று முகம் சுளித்தார். அந்த முகச்சுளிப்பு ரசனையிலிருந்து வந்ததல்ல என்பதே என் தரப்பு.

சங்க இலக்கியக் கூட்டங்களில் தேறல், நறவு என்று உருகுபவர்கள் நாம். பெரும்பாணாற்றுப்படை வலைஞர் குடியிருப்பில் கிடைக்கும் அரிசி மதுவின் செய்முறையையே தருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிவார்கள். ஜப்பானியர் முளைக்குப் பதில் கோஜிப் பூஞ்சையைச் சேர்க்கிறார்கள், வேறுபாடு அங்குதான். நம்மிடம் அது பாடலாக மட்டும் எஞ்சியது. அதன் எளிய உறவான சுண்டகஞ்சி வடசென்னையின் 'கீழான' சரக்கு என்று பெயர் பெற்றது.

ஜப்பானிலும் இதே கதை நடந்திருக்கிறது. நிகோரிகூட சட்டப்படி பிழியப்பட்டது. துணியின் கண்ணி பெரிதென்பதால் மண்டி தங்குகிறது. உண்மையில் வடிக்கப்படாதது தோபுரோக்கு என்னும் உழவர் வீட்டு மது. வரி வருவாயைக் காக்க 1899ல் அரசு வீட்டு மதுவைத் தடைசெய்தது. ஆனால் 2003 முதல் சிறப்பு மண்டலங்களில், தாம் விளைவித்த நெல்லைக் கொண்டு விடுதி நடத்தும் உழவர்கள் தோபுரோக்கு செய்ய உரிமம் அளிக்கப்படுகிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகாவது அங்கே ஒரு சிறு கதவு திறந்தது.

இங்கே? ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937 அக்டோபரில் இந்தியாவுக்கே முன்மாதிரியாக மதுவிலக்கைத் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அம்மாவட்டத்துக்குள் இருந்தன. அவரது நிலைப்பாட்டை நான் ஏற்பவனல்ல. ஆனால் அதில் இரட்டை நாக்கு இல்லை. எல்லா மதுவையும் அவர் எதிர்த்தார். 1987 ஜனவரி முதல் கள்ளைத் தடைசெய்த அரசோ, 2003 முதல் டாஸ்மாக் கடைகளில் 42.8 சதவீதச் சாராய வீரியம் கொண்ட புட்டிகளைத் தானே நின்று விற்கிறது. கள்ளின் வீரியம் ஏறத்தாழ ஐந்து சதவீதம். ஆறு சதவீதத்தைத் தாண்டுவது அரிது.

கலப்படம் என்பார்கள். கள்ளில் மயக்கமருந்து கலப்பது உண்மைதான். அதற்குத் தேவை கண்காணிப்பு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். கள்ளுக்கான தடை அவர்களைக் காக்கவில்லை. குடி குடும்பங்களைக் கெடுக்கும் என்பதையும் மறுக்கவில்லை. அது எல்லாக் குடிக்கும் எதிரான வாதம்; ஏழையின் கலயத்துக்கு மட்டும் பொருத்துவது நேர்மையல்ல.

உண்மைக் காரணம் வேறு. கள் மரத்திலேயே நொதிக்கத் தொடங்கி மாலைக்குள் புளிக்கிறது. கிடங்கில் அடுக்க முடியாது, லாரியில் ஏற்ற முடியாது, ஆலை முதலாளியிடம் கொள்முதல் செய்ய முடியாது. அதன் வருமானம் மரமேறுபவனோடு நின்றுவிடுகிறது. தெளிந்த சரக்கின் பக்கம் அரசு நிற்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அரசுக்குக் கணக்கு இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? அயல்மொழிப் பெயர் ஒட்டிய கலங்கலில் ஆன்மாவையும், நம் ஊர்க் கலங்கலில் அழுக்கையும் காணும் கண்ணை ரசனை என்று அழைப்பதற்கில்லை. அது மேல்சட்டை போட்ட கூச்சம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒருவனைத் தொழிலாளியாகவோ குற்றவாளியாகவோ ஆக்க இங்கே அந்த ஒரு பூச்சு போதுமானதாக இருக்கிறது. அடுத்த முறை நிகோரியைக் கவிழ்த்து நிமிர்த்தும்போது நண்பர் அதை நினைத்துக்கொள்ளட்டும்.